மூணு புள்ளி

– வெளிய நிக்கற வண்டிக்கு ஹப் மாட்டணும்மா. அத முடிக்காம நான் வேற வேலையில கை வெக்க மாட்டன். ரீல வெச்சுட்டுப் போ, வியாழக்கிழம வா.

– வெச்சுட்டுப் போக முடியாதுங்க. என் கண்ணு முன்னாடி பிரிக்கணும்.

– இது லாரிக்குப் பிரேக் லைனர் அடிக்கற கடை. மீன் புடிக்கற ரீலு பாக்கறது சும்மா ஒரு பழக்கத்துக்கு. ஒருத்தனுக்குப் பண்ணிக் குடுத்தன், அவன் நாலு பேருக்குச் சொல்லிட்டான். அவசரம்னா வேற எடம் பாரு.

– வேற எடத்துக்குப் போயி ஆகப்போறது ஒன்னுமில்லீங்க. ஏரியூர்லருந்து ரெண்டு பஸ்ஸு மாறித் தொப்பூருக்கு வந்திருக்கறன். உங்களத்தான் பாக்கணும்னு வந்தன்.

– மேஸ்திரி, நம்ம வண்டி என்னாச்சு? சாயந்தரத்துக்குள்ள லோடு எறக்கலைன்னா அங்க கத்தோ கத்துன்னு கத்துவாங்க.

– நட்டு மட்டுந்தான் பாக்கி, வெங்கடாசலம். போயி ஒரு டீ குடிச்சுட்டு வா.

– மூணு புள்ளி மறந்துராதீங்க மேஸ்திரி. அத ஒருக்காப் பாத்துட்டு ஏறினாத்தான் கணவாயில பயமில்லாம வண்டிய எறக்குவன்.

– மறந்து வுடுவனா? நீ போ.

– அது என்னாங்க மூணு புள்ளி?

– நட்ட இறுக்கிட்டு அது மேல கூரான பஞ்ச் ஆணிய வெச்சு, சுத்தியல்ல மூணு எடத்துல தட்டறது. மரை நசுங்கிக்கும். அப்பறம் அந்த நட்டு தானாக் கழண்டு வராது. யாரு கையால திருகினாலும் வராது. உளி வெச்சு வெட்டித்தான் எடுக்கணும். இந்த ரோட்டுல மூணு புள்ளி கண்டா, இது சவுரியப்பன் வேலைன்னு எந்த டிரைவரும் சொல்லுவான்.

– எல்லாக் கடையிலயும் அப்பிடி வெப்பாங்களா?

– எவனும் வெக்க மாட்டான். எனக்கு வெச்சே ஆகணும். பதினெட்டு வருசத்துக்கு முந்தி நான் மாட்டின நட்டு ஒன்னு இந்தக் கணவாயில கழண்டுச்சு. வண்டிய ஓட்டினது என் கூடப்பொறந்த தம்பி. அன்னைக்குக் காலைல நாந்தான் இறுக்கினன். நல்லாத்தான் இறுக்கினன். அதுலருந்து என் கை பட்ட எதுவும் கழண்டு போகக் கூடாதுன்னு வெச்சிருக்கறன். சரி, அந்தப் பேச்சு எதுக்கு இப்ப? ரீலக் குடு. என்ன கம்ப்ளைண்டு?

– நூலு வுட மாட்டேங்குதுங்க. தலையில இருக்கற திருகும் திரும்ப மாட்டேங்குது.

– தண்ணில வுட்டுட்டீங்களா? சேறும் பாசியுமா இருக்குதே.

– அஞ்சு மாசம் தண்ணிக்குள்ள கெடந்ததுங்க.

– அஞ்சு மாசமா? அப்ப உள்ள ஒன்னும் மிஞ்சியிருக்காது. இதெல்லாம் பழைய ஜப்பான் சரக்கு, இப்ப ஸ்பேர் கெடைக்கறதில்ல. ஸ்பிரிங் போனா பழைய பூட்டுலருந்து எடுத்துப் போடணும். வாசர் தேஞ்சா நாமளே வெட்டிக்கணும். அந்த மண்ணெண்ணெய்த் துணிய எடு, தொடைச்சுப் பாக்கறன்... ஏம்மா.

– சொல்லுங்க.

– இது யாரு ரீலு?

– தொடைங்க. நல்லாத் தொடைச்சுப் பாத்துட்டுக் கேளுங்க.

– தொடைக்கறதுக்கு என்ன இருக்குது? திருகு மேல மூணு புள்ளி. கைப்பிடியில செவப்புக் குமிழு. ஒடஞ்ச கைப்பிடிக்கு லாரி லீவர்லருந்து குமிழக் கழட்டி நாந்தான் போட்டன். இது மாதுவோட ரீலு.

– ஆமாங்க.

– மாது இதப் பொண்ணு மாதிரி வெச்சிருந்தான். பெத்த தகப்பன் கேட்டாலும் குடுக்க மாட்டான்.

– யாருக்கும் குடுக்கலீங்க. ராத்திரி படுக்கறப்பவும் தலமாட்டுலதான் வெச்சிருப்பாரு.

– அது உனக்கு எப்பிடித் தெரியும்?

– ஊருக்கே தெரியுங்க. ஊரே கேலி பேசும்.

– கேட்டதுக்கு நேராப் பதில் சொல்லு. இது உன் கைக்கு எப்பிடி வந்துச்சு? வாங்கினியா, எங்கயாவது எடுத்தியா?

– ரீல என்கிட்டக் குடுங்க, சொல்றன்.

– குடுக்க மாட்டன். மாது எட்டு வருசம் இந்த ரோட்டுல லாரி ஓட்டினவன். என் தம்பி போனப்ப என்கூட ஆஸ்பத்திரி வாசல்ல ரெண்டு நாளு உக்காந்திருந்தவன். கண்ணு மங்குதுன்னு வண்டிய வுட்டு எறங்கி நாகமரையில டேம் தண்ணில பரிசலு போடப் போனான். அவன் பொருள எவ கொண்டாந்தாலும் சும்மா வுட்டுருவனா? இரு, அவனுக்கே போன் போடறன்.

– போடுங்க.

– போடத்தான் போறன். பொங்கலுக்கு வர்றன்னு சொன்னவன் ஆளையே காணம், எனக்கும் கோவம், நானும் கூப்புடல... சுவிட்ச் ஆஃப்னு வருது.

– தை மாசத்துலருந்து அப்பிடித்தானுங்க வருது.

– என்ன சொல்ற?

– செத்துப் போயிட்டாருங்க. தை மாசம் பத்தாந்தேதி, தண்ணில.

– மாதாவே. மாதுவா? என்னம்மா சொல்ற? அவன் தண்ணிலயா? மூச்சுப் புடிச்சான்னா இக்கரையில முழுகி அக்கரையில எந்திரிப்பான்.

– அதத்தான் எல்லாரும் சொன்னாங்க. நீச்சல் தெரிஞ்ச மனுசன் எப்பிடித் தண்ணில போவாருன்னு. அதனால அருள்குமாரப் புடிச்சு உள்ள வெச்சுட்டாங்க.

– அது யாரு?

– அன்னைக்குப் பரிசல்ல கூட இருந்தவரு. துடுப்புப் போட்டது அவருதான். முந்தின நாளு ரெண்டு பேருக்கும் கரையில சண்ட. கேக்காம பரிசல எடுத்துட்டுப் போயிட்டான்னு சட்டையப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க, பாத்தவங்க இருபது பேரு. மறுநாளு ஒருத்தரு மட்டும் கரைக்கு வந்தாரு. கொலைக் கேஸு போட்டுட்டாங்க.

– தள்ளி வுட்டுட்டானா?

– தள்ளலீங்க.

– ஓஹோ. புரிஞ்சுது. உக்காரும்மா, நிக்காத. அவனுக்காக நீ அலையற. புள்ளைங்க இருக்குதா?

– அருள்குமாருக்கு ரெண்டு பசங்க. பெரியவன் ஆறாவது. கொலைகாரன் மவன்னு பள்ளிக்கூடத்துல சொல்றாங்கன்னு போறதில்ல. வூட்டு ஓட்டு மேல ரெண்டு ராத்திரி கல்லு வுழுந்துச்சு.

– இந்தக் காலத்துப் பொண்ணுங்க புருசன் பேர வாய் கூசாமச் சொல்றீங்க. மாது இருந்தானே, அத்தன வருசத்துல சம்சாரம் பேர ஒருக்கா கூட என்கிட்டச் சொன்னதில்ல. எங்கூட்டுல திட்டுது, எங்கூட்டுல களி கிண்டிக் குடுத்துவுட்டுதுன்னு அதையேதான் சொல்லுவான். அந்தப் பொண்ண நான் பாத்தது கூட இல்ல.

– அருள்குமார் பேரச் சொல்றதுக்கு எனக்கென்னங்க கூச்சம்?

– தப்பா எடுத்துக்காத. ரீலு எப்பிடிக் கெடச்சுது?

– போன வாரம் தண்ணி நல்லா எறங்குச்சுங்க. ஒருத்தரு வலையில தூண்டில் ராடோட சேந்து வந்துச்சு. அதுவரைக்கும் ராடும் இல்ல, ரீலும் இல்ல. அதனாலதான் அருள்குமார் சொன்னத ஒருத்தரும் நம்பல.

– அவன் என்ன சொன்னான்?

– மொத நாள்லருந்து ஒரே பேச்சுதான் பேசறாரு. சாயந்தரம் பெரிய வாளை ஒன்னு தூண்டில்ல மாட்டுச்சாம். ஆளு ஒசரம் இருக்குமாம். மாட்டினதும் பரிசலயே இழுத்துச்சாம். நூல வுடு, நூல வுடுன்னு இவரு கத்தினாராம். அவரு எந்திரிச்சு நின்னு ரெண்டு கையாலயும் அந்தத் திருகப் புடிச்சுத் திருகினாராம். "வுட மாட்டேங்குதுடா அருளு"ன்னாராம். இவரு கத்தி எடுக்கக் குனியறதுக்குள்ள பரிசலு கவுந்துருச்சாம்.

– கவுந்தா என்ன? நீந்தி வர வேண்டியதுதான?

– ராடக் கயித்துல கட்டி இடுப்புல முடிஞ்சிருந்தாருங்க. போன வருசம் ஒரு ராடு மீனோட போயிருச்சு, அதுலருந்து அப்பிடித்தான் கட்டிக்குவாரு. ரீலு வுடாத வரைக்கும் மீனு வுடல. மீனு வுடாத வரைக்கும் கயிறு வுடல. ரெண்டு நாளு கழிச்சு, தண்ணிக்குள்ள நிக்கற கருவேல மரத்துல மாட்டிக் கெடந்தாரு. கயிறு அறுந்து ராடு எங்கயோ போயிருச்சு.

– ஏசப்பா.

– ஸ்டேஷன்ல என்ன கேட்டாங்கன்னா, ரீலுன்னா திருகு இருக்குது, லூசு பண்ணினா நூலு ஓடும், சின்னப் பையனுக்குக் கூடத் தெரியும், யாருகிட்டக் கத வுடறன்னு கேட்டாங்க. அருள்குமார் சொன்னதையே திரும்பச் சொன்னாரு.

– நீ எதுக்கும்மா என்கிட்ட வந்த?

– பெஞ்சுல சாமான இறுக்கிப் புடிக்கற அந்த வைஸ்ல ரீல மாட்டுங்க. பாதி நூலு இன்னும் சுத்தித்தான் இருக்குது. இழுத்துப் பாருங்க.

– அதெல்லாம் எதுக்கு?

– இழுத்துப் பாருங்க.

– இரு... வரல. அஞ்சு மாசம் தண்ணில கெடந்தது எப்பிடி வரும்? துருப்புடிச்சிருக்கும். ஸ்ஸ்... வெரல அறுத்துருச்சு பாரு.

– திருகத் திருப்புங்க.

– துருன்னு சொல்றன்ல.

– அது பித்தளைங்க. நீங்க கடைஞ்சு போட்டது. பித்தளை துருப்புடிக்குமா?

– என்ன நீ, போலீசு மாதிரி கேக்கற?

– உள்ள என்ன வாசர் போட்டீங்க?

– பழசு தோலு. மக்கிப் போயி நூலு நிக்காம ஓடிச்சு. மாது வந்து, "பிரேக் தேஞ்சு போச்சுண்ணே, எந்தப் பெரிய மீனும் நிக்க மாட்டேங்குது"ன்னான். பிரேக்குன்னு அவந்தான் சொன்னான். பிரேக்குன்னா நமக்குத் தெரியாதா? பதினாறு டன்னு வண்டிய நிறுத்தற லைனரு, மீன நிறுத்தாதான்னு அதுலயே வட்டமா வெட்டி, பசை போட்டு ஒட்டினன். இறுக்கினன். புள்ளி வெச்சன்.

– அது பிரேக் இல்லீங்க.

– பின்ன என்ன?

– பெங்களூர்லருந்து தூண்டில் போட வர்றவங்ககிட்டப் போயிக் கேட்டன். மீனு ரொம்ப இழுக்கறப்ப நூல வுட்டுக் குடுக்கறதுக்குத்தான் அந்தத் திருகாம். ஓட வுட்டு, மீனு களைச்சப்பறம் சுத்தறதாம். மீனத் திமிற வுட்டு நம்மளக் காப்பாத்தறது அதுதானாம். நிறுத்தறதுக்கு வெச்சதில்லைன்னாங்க.

– எனக்கு எப்பிடித் தெரியும்? நான் மீன் புடிக்கறவனா? நான் பாத்ததெல்லாம் நிக்காமப் போயிச் செத்தவங்க. வுட்டுக் குடுத்ததால ஒருத்தன் பொழைப்பான்னு எனக்கு யாரு சொன்னா?

– அவரு சொன்னாரே.

– யாரு?

– கார்த்திகையில ஒருக்கா திரும்பி வந்து சொன்னாருல்ல, ரொம்ப டைட்டா இருக்குதுண்ணே, திருகு அசையலைன்னு. நீங்க என்ன சொல்லி அனுப்பினீங்க?

– அது எப்பிடி உனக்கு...

– வந்து சொல்லிச் சிரிச்சாரு. அவரு பேச்சுதான் ஊருக்கே கேக்குமே. என்ன சொன்னீங்க?

– புது லைனரு போட்டா கொஞ்ச நாளு அப்பிடித்தான் இருக்கும், ஓட ஓட செட்டாயிரும்னன். எல்லா டிரைவருக்கும் சொல்றதுதான். அவன் கேக்கலம்மா, புள்ளியத் தட்டி எடுத்துருண்ணேன்னு ரெண்டு தடவ சொன்னான். சிரிச்சன். என் புள்ளிய எடுக்கச் சொன்ன மொத ஆளு நீதாண்டான்னு சொல்லித் தோள்ல கை போட்டுக் கூட்டிட்டுப் போயி டீ வாங்கிக் குடுத்தன்.

– வெள்ளிக்கிழம வாய்தா. கோர்ட்டுக்கு வந்து இதச் சொல்லுங்க.

– என்னன்னு சொல்ல?

– இது நான் வெச்ச புள்ளி, இத வெச்சா மனுசன் கையால திருக முடியாதுன்னு. அவ்வளவுதான்.

– அவ்வளவுதானா? இங்க வரிசையா நிக்கற வண்டியெல்லாம் எதுக்கு வருதுன்னு நெனைக்கற? மூணு புள்ளிய நம்பி வருது. அந்தப் புள்ளியால ஒரு மனுசன் செத்தான்னு நானே கோர்ட்டுல ஏறிச் சொன்னா நாளைக்கு எவன் வண்டிய வுடுவான்? என்னயவும் உள்ள போடமாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?

– எனக்குத் தெரியாதுங்க. போட்டாலும் போடுவாங்க.

– இவ்வளவு பேசறியே, தள்ளி வுட்டான்னு மொதல்ல கம்ப்ளைண்டு எழுதிக் குடுத்தது யாரு?

– அவரு சம்சாரங்க.

– அவ கண்ணால பாத்தாளா?

– பாக்கல.

– பாக்காம எப்பிடி எழுதிக் குடுப்பா?

– முந்தின நாளு சண்டையப் பாத்தா. அவரு நீந்தறதப் பதினாலு வருசமாப் பாத்தவ. தானாச் செத்தாருன்னு சொன்னா மனசு ஏத்துக்கல. யாரோ ஒருத்தரு பண்ணினதுன்னு இருந்தாத்தான் அன்னைக்கு அவளால மூச்சு வுட முடிஞ்சுது. இவந்தான் பண்ணியிருப்பான்னு சொல்லல, இவந்தான் பண்ணினான்னு கையெழுத்துப் போட்டா.

– அப்ப அவளப் போயிக் கேளு. நான் தெரியாமப் பண்ணினன். அவ ஒரு குடும்பத்தையே நடுத்தெருவுல நிறுத்தியிருக்கறா. அந்தப் பாவம் அவளச் சும்மா வுடுமா?

– வுடலீங்க.

– நல்லா வேணும். நான் வர மாட்டன். ரீல எடுத்துட்டு நீயே ஸ்டேஷனுக்குப் போ.

– அஞ்சு மாசம் தண்ணில கெடந்த சாமான்னு மூலையில போடுவாங்க. மூணு புள்ளியப் பாத்து அவங்களுக்கு என்ன தெரியும்? எதுக்கு வெச்சதுன்னு வெச்சவரு வாயால சொன்னாத்தான் தெரியும்.

– போட்டோ கீட்டோ எடுத்து வெச்சிருக்கறியா?

– இல்லீங்க.

– இங்க வந்தது யாருக்குத் தெரியும்?

– யாருக்கும் தெரியாது.

– ஒரு உளி, நாலு தட்டு. புள்ளி இருந்த எடமே தெரியாது. அப்பறம் இது வெறும் பழைய ரீலு.

– தெரியுங்க.

– தெரிஞ்சுமா கொண்டாந்து என் கையில குடுத்த?

– நீங்க அவருக்கு அண்ணன் மாதிரின்னு சொல்லுவாரு. அவரு சொன்னது நெசமா பொய்யான்னு பாக்கணும்னு இருந்துச்சு. உளி அங்க, பெஞ்சு மேலதான் இருக்குது. தட்டறதுன்னா தட்டுங்க. நான் கையப் புடிக்க மாட்டன்.

– தட்ட மாட்டன்னு நெனைக்கறியா?

– நான் ஒன்னும் நெனைக்கல. தட்டுங்க.

– வெளிய போம்மா.

– தட்டினப்பறம் போறன்.

– இந்தா, உளிய வெச்சுட்டன். பாத்துக்கோ. சுத்தியலு கையில இருக்குது.

– பாத்துட்டுத்தான் இருக்கறன்.

– மேஸ்திரி, டீயும் ஆச்சு, போண்டாவும் ஆச்சு. புள்ளி வெச்சாச்சுங்களா? அட, இதென்ன, ரீலா? ரீலுக்குமா வேர்த்து ஊத்த நிக்கறீங்க?

– கொஞ்சம் வெளிய இரு, வெங்கடாசலம்.

– என் மச்சானுக்கும் ஒன்னு போட்டுக் குடுத்தீங்களே மேஸ்திரி, மாசியில. எந்த மீனும் தப்பறதில்லைன்னு ஒரே பெருமை. இன்னைக்குக் கூடப் பரிசல்லதான் போயிருக்கறான், பையனையும் கூட்டிட்டு.

– பையனையா?

– நாலாவது படிக்கறவன். லீவு நாளுல்ல.

– எத்தன ரீலுங்க இப்பிடிப் பண்ணிக் குடுத்திருக்கறீங்க?

– நீ பேசாம இரும்மா.

– எத்தனைங்க?

– பதினொன்னு.

– எல்லாத்துலயும் புள்ளி?

– எல்லாத்துலயும்.

– என்ன மேஸ்திரி ஆச்சு? மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு.

– வெங்கடாசலம், உன் மச்சானுக்கு இப்பவே போன் போடு. ராடக் கயித்துல இடுப்போட கட்டியிருந்தா அவுக்கச் சொல்லு. நூல வெட்டச் சொல்லு. ரீலத் தொடாம கரைக்கு வரச் சொல்லு.

– எதுக்குங்க? நல்லாத்தான இருக்குது?

– நல்லா இல்ல. நான் பண்ணினது தப்பு. என் புள்ளியால ஒருத்தன் செத்துப் போயிட்டான். மாது தெரியும்ல, முன்ன லாரி ஓட்டினானே, அவன். போன் போடுடா, கேட்டுட்டு நிக்காத.

– போடறன், போடறன்... அப்ப என் வண்டி மேஸ்திரி? அதுலயும் அதே புள்ளிதான?

– வண்டிக்குப் புள்ளி வேணும். தண்ணிக்குத்தான் ஆகாது. எனக்கு அது இத்தன நாளாத் தெரியல. போ, வெளிய டவர் கெடைக்கும்.

– ரிங்கு போகுதுங்க... ஹலோ, மாப்ள, எங்கடா இருக்கற? கரையிலயா? கரையிலதான் இருக்கறானுங்க மேஸ்திரி. டேய், நான் சொல்றதக் கேளு, மொதல்ல கயித்த அவுத்துரு...

– உளிய எடுத்து உள்ள வெச்சுருங்க.

– வெச்சுட்டன். தம்பி போன அன்னைக்கு நட்டு வுட்டுருச்சுன்னு அழுதன். இன்னைக்கு வுடலைன்னு.

– கொஞ்சம் தண்ணி குடிங்க.

– மீதி ஒம்பது பேரையும் நானே நேருல போயிப் பாக்கறன். இன்னைக்கே கெளம்பறன். பேரு எல்லாம் தெரியும். ரீல நீ பத்தரமா வெச்சுக்கோ. துணியில சுத்தித் தர்றன், தொடைக்காத, எண்ணெய் வுடாத. அப்பிடியே இருக்கட்டும்.

– வெள்ளிக்கிழம?

– வர்றன்.

– நெசமா வருவீங்களா?

– மாதா மேல ஆணையா வர்றன். நாந்தான் லைனரு போட்டன், நாந்தான் புள்ளி வெச்சன், அவன் எடுக்கச் சொல்லியும் நாந்தான் எடுக்கலைன்னு சொல்றன். கட மூடினா மூடட்டும். உன் வூட்டுக்காரன் வெளிய வரட்டும், அந்தப் பையன் பள்ளிக்கூடம் போகட்டும்.

– பத்து மணிக்குக் கோர்ட்டு வாசல்ல நிக்கறன்.

– ஒன்னே ஒன்னு கேக்கறன், அத மட்டும் செய். அன்னைக்கு மாது சம்சாரம் அங்க வந்திருக்கும். போலீசு முன்னாடி நிக்கறன், ஜட்ஜு முன்னாடி நிக்கறன், யாரு என்ன திட்டினாலும் வாங்கிக்கறன். அந்தப் பொண்ணு முன்னாடி மட்டும் என்னயக் கொண்டுபோயி நிறுத்திராதம்மா. அந்த மூஞ்சிய ஏறெடுத்துப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல.

– காலைலருந்து அந்த மூஞ்சியத்தானுங்க பாத்துப் பேசிட்டிருக்கறீங்க.